பானத்தைச் சொன்னீர்கள், மாத்திரையை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன அழுத்தமும் உடல் எடையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கவலைப்பட்டால் ஆள் இளைத்துப்போவார் என்றே கேட்டுப் பழகிய நமக்கு, எடை கூடவும் செய்யும் என்று எடுத்துச் சொன்னது நல்ல காரியம். மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் குறைக்கும் பானங்கள் என்று கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்களே, அதுதான் உறுத்தியது.

கார்டிசால் விஷமல்ல. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் தினமும் ஊறுவது. விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறும், நடு இரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். அது போதிய அளவு சுரக்காவிட்டால் அடிசன் நோய். எடை இறங்கும், ரத்த அழுத்தம் விழும், கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

திடீர் அதிர்ச்சியில் அட்ரினலின் என்ற இன்னொரு ஹார்மோன் பசியை அடக்கிவிடும். மாதக்கணக்கில் இழுக்கும் கவலையில் கார்டிசால் பசியைக் கிளப்பும். இனிப்பும் எண்ணெயும் தேடும். அதுவரை கட்டுரை சரி. ஆனால் கவலையில் இருப்பவர் தூங்குவதில்லை என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டால் வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைவு, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் அதிகம். 2004-இல் வெளிவந்த ஆய்வு இது. இதற்கு எந்தப் பானம் ஈடு?

கார்டிசால் நிஜமாகவே மிஞ்சினால் உடம்பு எப்படி ஆகும் என்பதை அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-லேயே எழுதிவைத்தார். முகம் வட்டமாக உப்பும், வயிறு பெருக்கும், பிடரியில் சதை திரளும், கை கால் மட்டும் மெலியும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். சுரப்பியில் வரும் கட்டியால் இப்படி ஆவது அபூர்வம். மருந்துக் கவுன்ட்டரில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த வட்ட முகங்கள் பெரும்பாலும் மாத்திரையால் வந்தவை. உடம்புக்குள் போய்க் கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் மாத்திரைதான் ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கு ஒரு தடவை எழுதிக்கொடுத்த அதை, "அது நல்லா கேக்குதுப்பா" என்று பழைய அட்டையைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்குவார்கள். கல்யாணத்துக்குள் பெண்ணுக்குக் கொஞ்சம் சதை போடவேண்டும் என்று பசி மாத்திரையோடு சேர்த்துக் கேட்பவர்களும் உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்பது சட்டம். தருகிற கடைகள் இருக்கின்றன, வேறென்ன சொல்ல.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உள்ளே சுரப்பி ஓய்ந்து போயிருக்கும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிருக்கும் ஆபத்து. மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ஆஸ்துமாவுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் மருத்துவர் சொல்லிச் சாப்பிடுபவர்கள் அப்படியே தொடரட்டும்.

அடுத்த இதழில் பெட்டிச் செய்திக்கு இடமிருந்தால், ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் இந்த ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றி எழுதி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தஞ்சாவூர்