சட்னியில் என்ன அரைத்தீர்கள், சொல்லிவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. தெரியாமல் ஒரு வாய் உள்ளே போனாலும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிடும். இப்படி ஒரு பிள்ளையை ஓட்டலுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தால்தான் அந்தப் பாடு தெரியும். தேங்காய் விலை ஏறினால் தேங்காய்ச் சட்னிக்குள் நிலக்கடலை வந்துவிடுகிறது, குருமாவில் முந்திரிக்குப் பதிலாக அதையே அரைத்து ஊற்றுகிறார்கள் (செலவும் குறையும், கெட்டியாகவும் வரும், அவர்கள் கணக்கு புரிகிறது), ஆனால் கேட்டால் சப்ளையர் அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டே "அதெல்லாம் இல்ல சார்" என்கிறார். உள்ளே போய் சரக்கு மாஸ்டரிடம் கேட்டுவந்து சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. ஒரே கரண்டி எல்லாச் சட்னி வாளிக்கும் போய்வருவதைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

பாக்கெட் உணவில் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் கொண்டுவந்த விதிகளின்படி கோதுமை மாதிரி குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியம், இறால், நண்டு, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி, பாதாம் மாதிரியான கொட்டைகள், சோயா இதெல்லாம் இருந்தால் உறையில் எழுதியாக வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை, இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் இல்லாத வீடில்லாத நம் ஊரில்! அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஓட்டல் என்று வந்தால், மத்திய உரிமம் வாங்கியவர்களும் பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருப்பவர்களும்தான் அலர்ஜி விவரம் தர வேண்டும் என்கிறது விதி. நாம் அன்றாடம் சாப்பிடும் தெருமுனை மெஸ் இதில் வராது.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. "இன்றைய ஸ்பெஷல்" எழுதும் அதே பலகையில், இன்றைய சட்னி, குருமாவில் நிலக்கடலை, முந்திரி உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சோதனைக்குப் போகும்போது இதையும் சொல்லிவிட்டு வரலாம். சப்ளையர் தம்பிகளும் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லட்டும், நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொள்கிறோம்.

அப்புறம் உறவுக்காரர்கள். "கொஞ்சம்தானே, சாப்பிடச் சாப்பிடப் பழகிடும்" என்று ஊட்டிவிடப் பார்க்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இன்னொன்று, தடிப்போடு மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, மயக்கம் வந்தாலோ செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துத் தூங்க வைத்துவிடாதீர்கள். அது அரிப்பைத்தான் அடக்கும், தொண்டை அடைப்பதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ தடுக்காது. அந்த நேரத்துக்குத் தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வெளிநாடுகளில் பேனா மாதிரிக் கையிலேயே வைத்திருக்கிறார்கள், இங்கே அது சுலபமாகக் கிடைப்பதில்லை, அரசு இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். அதுவரை உடனே 108-ஐ அழையுங்கள். ஆளை நடக்க வைக்காமல் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வையுங்கள். சரியாகிவிட்ட மாதிரி இருந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், அதனால் டாக்டர் போகச் சொல்லும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை