சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்: வாடகைச் சட்டத்துக்கு ஒரு மேசை கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய் இது வந்ததையும், இதன்படி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதையும் தாங்கள் அறிவீர்கள். அந்த அதிகாரி எந்தக் கட்டடத்தில், எந்த அறையில், எந்த நாளில் மனு வாங்குகிறார் என்பது பொன்னம்மாப்பேட்டையில் குடியிருக்கும் என் அக்காவுக்குத் தெரியவில்லை. அவருக்காக விசாரித்துப் போன எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அக்கா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். செய்த வேலைக்குத்தான் கூலி; ஒரு வேளை போகவில்லை என்றால் அந்த வேளைக்குக் காசு இல்லை. 6,000 ரூபாய் வாடகைக்கு 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வீட்டில் இருந்தார். சட்டம் குறிப்பிடும் முன்பணம் மூன்று மாத வாடகை. நம் ஊரில் பத்து மாத வாடகை கேட்பது வழக்கமாகிவிட்டது, அவரும் கொடுத்தார். மகனுக்குத் திருமணம், வீடு வேண்டும் என்று உரிமையாளர் சொன்னதும் வாதாடாமல் காலி செய்தார். வாடகை பாக்கி ஒரு ரூபாய் கூட இல்லை. முன்பணத்தைக் கேட்டபோது கிடைத்த பதில்: "அடுத்து வருகிறவர்கள் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்." மகன் குடியேறப்போகும் வீட்டுக்கு அடுத்த வாடகைதாரர் எங்கிருந்து வருவார்?

புதிய வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். முழு அட்வான்ஸ் கையில் வந்தால்தான் சாவி. அக்கா தன் தோட்டையும் மகளின் சங்கிலியையும் அடகுக் கடையில் வைத்துப் பணம் கட்டினார். தன்னுடைய 60,000 ரூபாய் இன்னொருவரிடம் வட்டியில்லாமல் கிடக்கிறது. தான் வாங்கிய கடனுக்கு மாதந்தோறும் வட்டி கட்டுகிறார். காலையில் உரிமையாளர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றால் அன்றைய கூலியும் போய்விடும் என்பதால் இப்போது போவதையே குறைத்துவிட்டார். ஐயா, வாடகைக் குடித்தனக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார்கள். வழக்கில் தோற்பதற்கு முன்பே கூலியில் தோற்றுவிடுகிறார்கள்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இதை எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "இது சிவில் விவகாரம், வக்கீலைப் பாருங்கள்" என்றார்கள். இன்னொரு இடத்தில் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ஒப்புகைச் சீட்டு கேட்டோம், அதுவும் கிடைக்கவில்லை. எங்கள் கோரிக்கை மிகச் சிறியது: ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் வாடகைச் சட்டத்துக்கென ஒரு மேசை, அதன் மேல் தமிழில் ஒரு பலகை, மனு வாங்கிச் சீட்டு கொடுக்க ஒருவர்.

அக்காவிடம் இருக்கும் ஒப்பந்தம் 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம். அதிலும் அசல் உரிமையாளரிடம், இவரிடம் ஜெராக்ஸ். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்யச் சொல்லும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு ஒதுங்கி நிற்பதற்காக வந்த பழக்கம் அந்த 11 மாதம். புதிய சட்டத்தில் அதற்கு இடமில்லை. எத்தனை மாதமானாலும் எழுத வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து எண் பெற வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதையே காரணம் காட்டி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதாவது சட்டம் தெரியாதவர் அந்தச் சட்டத்தாலேயே வீட்டை இழக்க முடியும். இதை அம்மாப்பேட்டையிலும் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் குடியிருப்பவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பிள்ளைகளின் படிப்புக்காக ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து அஸ்தம்பட்டிப் பக்கம் ஒற்றை அறை எடுக்கும் தோட்டத் தொழிலாளிக்கு யார் சொன்னார்கள்? இணையதளம் இருக்கிறது என்பது பதிலாகாது.

சொல்லத் தொடங்கினால் நீளும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்றக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. கோடையில் மோட்டார் போடாமல் விட்டே காலி செய்ய வைக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருவது, உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கேட்கும் வீடுகளில் குடித்தனக்காரரை வந்து சேர்வதில்லை. வீடு பார்க்கப் போனால் வாடகையைச் சொல்வதற்கு முன் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று சாதியைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் நிலையில் ஒரு தாயை நிறுத்துவது எத்தனை பெரிய அவமானம்!

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். வாடகையை நம்பியே வாழும் முதிய உரிமையாளர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். இரண்டு மாத வாடகை நிலுவையானால் அவர்களும் முறையிட இதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அவர்களுக்கும் அந்த மேசை வேண்டும்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு மேசை, ஒரு பலகை, ஓர் ஒப்புகைச் சீட்டு. வாடகை அதிகாரியின் பதவிப் பெயர், அறை எண், மனு வாங்கும் நாள், மூன்று மாத முன்பணம், ஒரு மாதத்தில் திருப்பித் தருதல், இவ்வளவும் அந்தப் பலகையில் இருந்தால் போதும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அக்காவின் மனுவுடன் வருகிறோம். அதை எந்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அன்றைக்காவது எங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அம்மாப்பேட்டை வாடகைதாரர் ஒருவர்