கால் எட்டாத வண்டி

இன்வெர்னஸ், ஸ்காட்லாந்து
ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்கி எழுந்து இதை எழுதுகிறேன். ராத்திரி மணி ஒன்பதரை, வெளியே இன்னும் வெயில் அடிக்கிறது. ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறையப் பத்து மணி தாண்டிவிடும். டிசம்பரில் அதை வட்டியோடு வாங்கிக்கொள்வார்கள். அப்போது மூன்றரைக்கே இருட்டு.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "நல்லா ஓடிட்டிருந்த ஹோண்டாவக் குடுத்துட்டு, காலெட்டாத வண்டிய எதுக்கு அம்மணி வாங்குன?" என்று கேட்டிருந்தீர்கள். என் புது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் போட்டோவைப் பார்த்த எவரும் அப்படித்தான் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லித் தீராது, அதனால்தான் கடிதம்.

அந்த ஹோண்டா சி.பி. 500 எஃப் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 471 சி.சி., இரண்டு சிலிண்டர், சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ஐந்தடி மூன்றங்குலம் இருக்கிற எனக்குக் கால் நிம்மதியாகத் தரையில் நிற்கும். நம் ஊர் லைசென்ஸை வைத்து இங்கே ஒரு வருஷம் ஓட்டலாம். அதன் பிறகு முதலிலிருந்து எல்லாத் தேர்வும் எழுத வேண்டும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டதைச் சொல்லிச் சிரிப்போமே, இங்கேயும் எட்டு உண்டு. ஆனால் அதோடு விடமாட்டார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று பிரேக் அடித்து நிறுத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால், இன்னொரு நாள் தேர்வாளர் வேறு வண்டியில் பின்னாலேயே வந்து, காதில் மாட்டிய ரேடியோவில் வழி சொல்லச் சொல்ல ஊருக்குள் ஓட்ட வேண்டும். இதையெல்லாம் தாண்டி வர ஹோண்டா மாதிரி தாழ்வான வண்டிதான் சரியாக இருந்தது.

சிக்கல் சாலையில்தான். இன்வெர்னஸைத் தாண்டி முக்கால் மணி நேரம் போனால் பல இடங்களில் சாலை ஒரே ஒரு வண்டி போகும் அகலத்துக்குச் சுருங்கிவிடும். எதிரே வருபவருக்கு வழிவிட, அங்கங்கே ஓரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஒதுங்கிடம் நமக்கு இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக நம் பக்கத்திலேயே நின்றுகொள்ள வேண்டும், எதிரே வருபவர் அதற்குள் புகுந்து போய்விடுவார். மேடேறி வருகிற வண்டிக்கு முடிந்தவரை முதல் வழி. வழி விட்டவருக்குக் கையைத் தூக்கிக் காட்டாமல் யாரும் போவதில்லை. ஹாரன் சத்தமே காதில் விழாது மாமா. வால்பாறை பஸ் ஓட்டும் நம் டிரைவர் அண்ணன்களை ஒரு நாள் இங்கே விட்டால் பேச்சே மறந்துவிடும்.

குளிர்காலத்தில் தார் விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து, விரிந்து, தாரைப் பெயர்த்துவிடுகிறது. பனி போனதும் பார்த்தால் ஊரெல்லாம் குழி. வளைவுகளில் சரளைக்கல், ஆட்டுப்புழுக்கை. சில நேரம் ஆடே நடுச்சாலையில் படுத்திருக்கும். லாக் நெஸ் ஏரியின் தென்கரையில் ஒரு சாலை போகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜெனரல் வேட் என்பவர் படைகளை நடத்திப் போகப் போட்ட பாதையின் தடம் அது. ஏறுவதும் இறங்குவதுமாக அழகான சாலை. அதில் ஹோண்டாவை ஓட்டும்போது என் கண் ஏரியில் இருக்காது, முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பத்தடி தாரில்தான் இருக்கும். ஷாக் அப்சார்பர் விளையாட 120 மில்லிமீட்டர் அளவுதான் இடம், சக்கரமோ 17 அங்குலம். குழியில் விழுந்தால் முதுகுத்தண்டு வரைக்கும் செய்தி வந்துவிடும்.

அதனால்தான் கரடுமுரடான பாதைக்கென்று உயரமாகச் செய்கிற அட்வெஞ்சர் வண்டி தேட ஆரம்பித்தேன். பெயரைக் கேட்டு மலைமேல் ஏற்றப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். 2003-ஆம் வருஷச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் அநேகமாக எந்த நிலத்திலும் யாரும் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். இன்ஜின் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. என்னுடைய அட்வெஞ்சர் எல்லாம் தார் சாலைக் குழிகளோடுதான்.

இங்கே டெஸ்ட் ரைடு கொடுக்கும் விதத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். ஷோரூம் பையன் பின்னால் உட்கார்ந்துகொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் வேலை இல்லை. லைசென்ஸை வாங்கிப் பார்த்து, கீழே போட்டால் ஆயிரம் பவுண்டு வரை நான் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். அந்த ஆயிரம் பவுண்டு மனசில் இருக்கும்போது எந்த வண்டியும் இன்னும் அரையடி உயரமாகத் தெரியும், அது வேறு விஷயம்.

முதலில் யமஹா டெனெரே 700. சீட் உயரம் 875 மில்லிமீட்டர். எல்லாரும் ஆகா ஓகோ என்கிற வண்டி, இன்ஜினும் அருமை. ஆனால் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் நான் ஒரு பக்கமாகத் தொங்கினேன். விலையும் பத்தாயிரம் பவுண்டை ஒட்டி. அடுத்து சுசுகி வி-ஸ்ட்ரோம் 650. சோபாவில் உட்கார்ந்த மாதிரி சுகம். கெசாக் பாலம் என்று ஒன்று இருக்கிறது, கடல் கழியின் மேல் உயரத்தில் தொங்கும் பெரிய பாலம். அங்கே குறுக்குக் காற்று வண்டியைப் பக்கத்து லேனுக்குத் தள்ளப் பார்க்கும். அன்றைக்கும் நல்ல காற்று, சுசுகி அசையவில்லை. 210 கிலோவுக்கு மேல் எடை, அதனால் அசையாது. அதே எடை ஒரு சரிவான இடத்தில் என் மேல் சாய்ந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். ஓசூரில் டி.வி.எஸ். கட்டிய சின்ன பி.எம்.டபிள்யூ., ஜி 310 ஜி.எஸ்., அதையும் யோசித்தேன். ஆனால் தனியாக நாள் முழுக்க மூட்டையோடு போக எனக்கு இன்னும் கொஞ்சம் இழுவை தேவைப்பட்டது.

கடைசியில் ஹிமாலயன். சென்னைக்குப் பக்கத்தில் செய்து கப்பலேற்றி அனுப்புகிற வண்டி. ஊர்ப் பாசத்தில் வாங்கினேன் என்று அத்தையிடம் சொல்லிவைக்காதீர்கள், ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். உங்கள் பழைய புல்லட்டை மனசில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கவும் வேண்டாம். 452 சி.சி., ஒற்றை சிலிண்டர், ஆனால் ரேடியேட்டர் வைத்துத் தண்ணீரில் குளிர்கிற இன்ஜின், 40 குதிரை, ஆறு கியர். ஆக்ஸிலேட்டர் கேபிளே கிடையாது, எல்லாம் வயரில் போகிற சிக்னல். புல்லட்டின் "தப் தப்" சுத்தமாக இல்லை. உங்களுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்தது. கீழ் கியரில் இன்ஜினை நன்றாகச் சுற்றவிட்டால் சுறுசுறுப்பாக எழுந்து ஓடுகிறது.

அதே லாக் நெஸ் சாலைக்கு எடுத்துப் போனேன். முன் சக்கரம் 21 அங்குலம், முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் ஷாக். பெரிய சக்கரத்துக்குக் குழியின் விளிம்பு சின்ன விஷயம், மேலே உருண்டு போய்விடுகிறது. திருப்பத்தில் மட்டும் ஹோண்டாவைவிட ஒரு நொடி யோசித்துத்தான் சாய்கிறது; பெரிய சக்கரம் சுழலும்போது நிமிர்ந்தே நிற்கப் பார்க்கும் அல்லவா? அகலமான ஹேண்டில்பாரில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் சரியாகிவிடும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் நன்றாகக் குனிகிறது, அதுவும் பழகிவிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த ஏரியை ஓட்டிக்கொண்டே பார்த்தேன்.

இப்போது கால் கதைக்கு வருகிறேன். ஹிமாலயனின் சீட் 825 மில்லிமீட்டர். தாழ்வான சீட் தனியாக விற்கிறார்கள், அதைப் போட்டால் 805. அதைத்தான் போட்டிருக்கிறேன். அப்படியும் இரண்டு காலும் எட்டாது, ஒரு காலின் முன்பாதம் மட்டும் உறுதியாகப் பதியும். நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இடுப்பை சீட்டில் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு, இடது காலை ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைத்திருக்க வேண்டும். சமதளத்தில் இது சுலபம்.

ஒற்றைத் தடச் சாலையில்தான் விளையாட்டே. தண்ணீர் வடிவதற்காக நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துச் சாலை போடுகிறார்கள். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டுவதால், ஒதுங்கி நிற்கும்போது என் இடது காலுக்குக் கீழேதான் தரை சரிந்து பள்ளமாகும். 805 அங்கே 840 ஆகிவிடும். சரி, வலது காலை ஊன்றலாம் என்றால், மேட்டில் நிற்கும்போது அந்தக் கால் பிரேக்கில் இருந்தால்தான் கிளம்புவது சுலபம். அதனால் இப்போதெல்லாம் சாலையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. எதிரே தூரத்தில் கார் தெரிந்ததுமே எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிடுகிறேன். ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாமல், ஒதுங்கிடத்தின் நடுவில், சரிவு குறைந்த இடத்தில், முன் பிரேக்கைக் கையில் பிடித்து, வலது காலை ஊன்றுகிறேன். வண்டி எவ்வளவு உயரம் என்பதைவிட எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் பெரிது. தாழ்வான வண்டியில் இதைக் கவனிக்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

வாங்கிய பிறகு முதல் பெரிய பயணமாக ஆப்பிள்கிராஸ் போய்வந்தேன். மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அதற்குப் போகிற மலைப்பாதைக்குப் பெயர் பியாலக் ந பா. ஒரு காலத்தில் மாடுகளை ஓட்டிப் போன பாதை. கடல் மட்டத்தில் தொடங்கி 626 மீட்டர் ஏறுகிறது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்த நமக்கு இங்கே வளைவுகளின் எண்ணிக்கை ஒன்றுமே இல்லை. ஆனால் ஐந்தடிக்கு ஓரடி ஏறுகிற செங்குத்தும், ஒரே வண்டி அகலமும் சேர்ந்தால் வேறு கதை. அடிவாரத்திலேயே போர்டு வைத்திருக்கிறார்கள்: புதிதாக ஓட்டப் பழகுபவர்களும் பெரிய வண்டிகளும் கேரவன்களும் இதில் போகாமல் இருப்பது நல்லது என்று. 2015-இல் இந்தச் சாலையையும் சேர்த்து, வடகடலோரத்தைச் சுற்றி வரும் 500 மைல் சுற்றுலாப் பாதை என்று அறிவித்து விளம்பரப்படுத்தியதிலிருந்து, போர்டைப் படிக்காத கேரவன்களும் வருகின்றன. மேல் வளைவுக்குச் சற்று முன்னால் அப்படி ஒன்று எதிரே இறங்கி வந்தது. நான் மேடேறுகிறவள், வழி எனக்குத்தான். ஆனால் அவரால் பின்னால் போக முடியாது என்று முகத்திலேயே தெரிந்தது. ஒதுங்கிடம் பார்த்து நின்றேன், வலது கால் தரையில். கேரவன் கடந்து போய்விட்டது. அரை கிளட்ச்சில் கிளம்பும்போது நீங்கள் வால்பாறை ரோட்டில் சொல்லிக் கொடுத்ததுதான் கை கொடுத்தது. உச்சியில் ஸ்கை தீவு முழுதாகத் தெரிந்தது. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் மிட்ஜ் என்கிற பொடிப் பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்த்துவிட்டன. காற்றடித்தால் அவை பறக்காது, அன்றைக்குப் பார்த்துக் காற்று நின்றுபோயிருந்தது. போட்டோ எடுத்த கையோடு கிளம்பிவிட்டேன்.

மைலேஜ் கேட்பீர்கள் என்று தெரியும். லிட்டருக்கு 25-க்குக் குறையவில்லை, டேங்க் 17 லிட்டர். வடமேற்கில் பெட்ரோல் பங்குகள் தூரம் தூரமாகத்தான் இருக்கின்றன, அதனால் இது முக்கியம். விலை ஏறக்குறைய ஆறாயிரம் பவுண்டு, ஹோண்டாவை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். கைப்பிடியில் சூடு வருகிற கிரிப் மாட்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், ஏப்ரலிலும் விரல் மரத்துப்போகிறது. குளிர்காலத்தில் ஐஸ் பிடிக்காமல் இருக்கச் சாலையெல்லாம் உப்புத் தூவுகிறார்கள். உப்புத் தூவும் லாரிகளுக்கு வேடிக்கையான பெயர்கள் வைத்து, எந்த லாரி எங்கே போகிறது என்று இணையத்தில் காட்டவும் செய்கிறார்கள். பெயர் வேடிக்கைதான், செயினுக்கும் போல்ட்டுக்கும் அந்த உப்பு எமன். நவம்பர் வந்தால் வண்டியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, ஷெட்டில் ஏற்றிவிட வேண்டியதுதான். அம்மாவிடம் நீங்கள் பேசும்போது கைப்பிடிச் சூட்டைப் பற்றிச் சொல்லுங்கள், கேரவனைப் பற்றி வேண்டாம்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். ஹோண்டாவுக்கு அலாய் வீல், இதற்குக் கம்பிச் சக்கரம். பட்டறையில் நீங்கள் ஸ்பானரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தத்தை வைத்தே லூஸ் எது, டைட் எது என்று சொல்வீர்களே, அதை எனக்குச் சொல்லிக் கொடுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துத்தான் தட்ட வேண்டுமா, நிற்கும்போதே தட்டலாமா? லூஸாகத் தெரிந்தால் நானே அரைச் சுற்று முறுக்கலாமா, இல்லை கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டுமா? நல்ல கம்பி எப்படி ஒலிக்கும், இளகிய கம்பி எப்படி ஒலிக்கும் என்று பட்டறையில் இருக்கிற ஏதாவது ஒரு சக்கரத்தில் தட்டி, அந்தச் சத்தத்தை அப்படியே பதிவு செய்து அனுப்புங்கள். லேத் ஓடாத நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள் மாமா.

அன்புடன்,
உங்கள் மருமகள்
கவிதா