செய்தி வினாடி வினா: இந்த முறை விடை மட்டும் போதாது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நம் பள்ளியில் செய்தி வினாடி வினா நடக்கிறது. இம்முறை தலைப்பு பருவநிலை, கடும் வானிலை, சுற்றுச்சூழல். இதைச் சொல்ல இரண்டு வரிச் சுற்றறிக்கையே போதும். ஆனால் போன முறை நடந்த ஒன்றை உங்களிடம் நானே சொல்லிவிடுவதுதான் சரி. உங்களில் சிலர் அதைப் பிள்ளைகள் வாயிலாக அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள்.

போன முறை ஒரு கேள்வி: "2024 ஏப்ரலில் துபாயில் வெள்ளம் வரக் காரணம் என்ன?" விடைத்தாளைத் தயாரித்தது நான்தான். "மேக விதைப்பு, அதாவது செயற்கை மழை" என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வாரம் என் கைப்பேசிக்கு வந்த பத்துச் செய்திகளில் ஒன்பது அப்படித்தான் சொல்லின, நானும் நம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் "பெரிய மழை மேகக் கூட்டம்" என்று விடை சொன்னார். தவறு என்று மணி அடித்தோம். அவர் உட்காரவில்லை. "அப்போ ஓமான்ல ரெண்டு நாள் முன்னாடியே வெள்ளம் வந்தது எப்படி சார்?" என்று கேட்டார். அரங்கமே என்னைப் பார்த்தது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆசிரியர் சொல்லக்கூடாத பதில் அது.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில், அல் ஐன் பக்கம் ஓரிடத்தில், 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1949 முதல் அங்கே மழை அளவைக் குறித்து வருகிறார்கள்; அந்தக் கணக்கில் இவ்வளவு பெய்ததே இல்லை. அந்த மழையை வானிலை ஆய்வாளர்கள் சில நாட்களுக்கு முன்பே கணித்திருந்தார்கள். மேக விதைப்பு என்பது, ஏற்கெனவே இருக்கும் மேகத்தில் உப்புத் துகளைத் தூவி இன்னும் கொஞ்சம் பிழிந்து பார்க்கும் வேலை. இல்லாத மேகத்தை அது உண்டாக்காது. நாலைந்து நாடுகளை நனைக்கும் மழையையும் அது கொண்டுவராது. மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண்ணையும் திருத்தினேன்.

அதனால் இந்த முறை விதியை மாற்றியிருக்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மதிப்பெண். ஒன்று விடைக்கு. இன்னொன்று, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற துணைக் கேள்விக்கு. யார் அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள், எத்தனை ஆண்டுக் கணக்கு என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் "நடப்பு நிகழ்வுகள் 500 வினா விடை" மாதிரியானவற்றை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் இதனால்தான். அவற்றில் என்னைப் போன்றவர்கள் எழுதிய விடைகளும் இருக்கும்.

எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று தெரிந்தால் உங்களுக்கும் வசதியாக இருக்கும். இங்கே சொல்பவை போட்டியில் வராது, தைரியமாகப் பேசலாம்.

2024தான் இதுவரை பதிவான ஆண்டுகளிலேயே வெப்பமானது. 1850–1900 கால சராசரியைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்றது உலக வானிலை அமைப்பு. இதை எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். துணைக் கேள்வி இது: "அப்படியானால் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி வரம்பு தாண்டப்பட்டுவிட்டதா?" ஆமாம் என்றால் மதிப்பெண் இல்லை. பூமி அதற்கு மேல் சூடாகாமல் தடுக்க முயல்வோம் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட அந்த வரம்பை ஒரே ஓர் ஆண்டை வைத்துப் பார்ப்பதில்லை, ஏறக்குறைய இருபது ஆண்டுச் சராசரியை வைத்துப் பார்க்கிறார்கள். ஆபத்து இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அளவுகோல் எது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும், அவ்வளவுதான். "ஒன்றரை டிகிரிதானே சார், காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல பத்து டிகிரி ஏறுதே" என்று ஏழாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கண்டங்கள் மேலே கிலோமீட்டர் கணக்கில் பனி மூடிக் கிடந்த காலத்தில், உலக சராசரி இப்போதைவிட ஆறு டிகிரி அளவுக்குத்தான் குறைவு. ஓர் ஊரின் வெயில் ஏறி இறங்குவது வேறு, பூமி முழுவதன் சராசரி நகர்வது வேறு. அத்துடன், காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். மழை பெய்யாத நாட்களும் கூடி, பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி கொசுவைப் பற்றியது. 2025 அக்டோபரில் ஐஸ்லாந்தில் முதன்முறையாகத் திறந்த வெளியில் கொசு பிடிபட்டது. அதுவரை உலகில் கொசு இல்லாத மிகச் சில இடங்களில் ஐஸ்லாந்தும் ஒன்று. அந்துப்பூச்சிகளைக் கவர, இனிப்பு கலந்த ஒயினில் கயிற்றை நனைத்துத் தொங்கவிட்டிருந்தார் ஒரு பூச்சி ஆர்வலர். அந்தக் கயிற்றில் வந்து உட்கார்ந்தன, இரண்டு பெண் கொசு, ஓர் ஆண் கொசு, மொத்தம் மூன்று. "காரணம் புவி வெப்பமயமாதல்" என்று பிள்ளைகள் உடனே எழுதுவார்கள். பாதி மதிப்பெண்தான். பிடிபட்டது குளிரைத் தாங்கும் இனம். கப்பல் சரக்கோடு வந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஐஸ்லாந்து வேகமாகச் சூடாகி வருவது உண்மை. இந்த மூன்று கொசுவும் அதனால்தான் வந்தன என்பது இன்னும் நிரூபிக்கப்படாதது. இரண்டையும் பிரித்து எழுதும் பிள்ளைக்குத்தான் முழு மதிப்பெண்.

அதேபோல மின்னல். உலகின் நீளமான மின்னல் 829 கிலோமீட்டர். அமெரிக்காவில், டெக்சாஸின் கிழக்கிலிருந்து கான்சாஸ் சிட்டி பக்கம் வரை ஒரே கீற்று. செய்தி வந்தது 2025 ஜூலையில். மின்னல் அடித்ததோ 2017 அக்டோபர் 22. செயற்கைக்கோள் பதிவுகளைத் திரும்ப அலசியபோதுதான் கண்டுபிடித்தார்கள். செய்தி வந்த நாளையும் சம்பவம் நடந்த நாளையும் குழப்பிக்கொள்வது பெரியவர்களுக்கும் வழக்கம்தான்.

பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு ஒன்று. 2023 செப்டம்பரில் ஒன்பது நாள் பூமி மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது. உலகெங்கும் நில அதிர்வுமானிகளில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே சீரான அலை. எந்த நிலநடுக்கமும் இல்லை. ஏன்? கிரீன்லாந்தின் கிழக்குப் பகுதியில், அடிவாரப் பனியாறு மெலிந்துபோனதால் தாங்கல் இழந்த மலைமுகடு ஒன்று சரிந்து, டிக்சன் என்ற குறுகிய கடல் இடுக்கில் விழுந்தது. சுமார் 200 மீட்டர் உயர அலை எழுந்தது. பிறகு அந்த இடுக்குத் தண்ணீர், தொட்டியை ஆட்டிவிட்டதுபோல, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நாள் கணக்கில் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம்தான் உலகம் முழுக்கப் பதிவானது. வீட்டில் ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஆட்டிக் காட்டுங்கள். இரண்டு பக்கம் படிப்பதைவிடச் சீக்கிரம் புரியும்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒரு தாய் வந்து சொன்னார்: அவருடைய ஆறாம் வகுப்புப் பையன் வெள்ளக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல், "நம்ம வீடும் அடிச்சுட்டுப் போயிடுமாம்மா?" என்று கேட்கிறானாம். இந்தத் தலைப்பே வேண்டாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டும் என்றுதான் முடிவு செய்தேன். நாம் பேசாவிட்டால் கைப்பேசி பேசும். "ஒண்ணும் ஆகாது, படு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை நம்புவதில்லை. எச்சரிக்கை வந்தால் நாம் எங்கே போவோம், எதை எடுத்துக்கொள்வோம், யார் உன்னைக் கூப்பிட வருவார்கள் என்று சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தைப் பற்றியும் சொல்லுங்கள். மலைச்சரிவு நகர்வதைக் கருவிகள் காட்டியதும், 2025 மே 19 அன்று சுமார் 300 பேரையும் அவர்களுடைய மாடுகளையும் வெளியேற்றினார்கள். காயம்பட்ட பசு ஒன்று ஹெலிகாப்டரில் போனது. மே 28 அன்று பனியாறு உடைந்து விழுந்து கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்தது. வெளியேற்றப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்த ஒருவர் மட்டும் இறந்தார். ஊரே போனது, ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்கள். இந்தச் செய்தியின் இரண்டு பாதியையும் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

காணொளிகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு ஜமைக்காவைத் தாக்கியபோது, ஓட்டல் நீச்சல் குளத்தில் சுறாக்கள் நீந்துவதுபோல ஏஐ மூலம் செய்த காணொளிகள் பரவின. உண்மையான எச்சரிக்கைகளைத் தேட வேண்டிய நேரத்தில் ஜனங்கள் சுறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்புப் பெற்றோர் குழுவில் இதுபோன்றவற்றைப் பகிரும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். துபாய் விஷயத்தில் அந்த ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

போட்டி மூன்று பேர் கொண்ட அணிகளாக நடக்கும். அணியில் குறைந்தது இரண்டு வகுப்பினர் இருக்க வேண்டும். இணைப்பில் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு இந்தத் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்களும் வந்து பார்க்கலாம். பின் வரிசைகளை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். பின்னாலிருந்து விடையை முணுமுணுக்க வேண்டாம், போன முறை ஒரு அப்பாவின் தவறான விடையால் ஓர் அணி தோற்றது.

விடைத்தாளை முன்கூட்டியே சரிபார்க்க இம்முறை ஒரு குழு அமைத்திருக்கிறோம். இரண்டு அறிவியல் ஆசிரியர்கள், அவர்களோடு அந்த எட்டாம் வகுப்பு மாணவி. அவர் போட்டியில் கலந்துகொள்ளவில்லை, இதுவே பிடித்திருக்கிறது என்றார். நேற்று மாலை வரை நான் எழுதிய விடைகளில் இரண்டை அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்