கார் ஆடியோ அமைப்பில் தொடரும் இரைச்சல், கவனக்குறைவான பொருத்துவேலை, வாடிக்கையாளர் சேவையின் அலட்சியம் ஆகியவை குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் ஆடியோ நிறுவனத் தலைமை அலுவலகம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். புதுச்சேரியிலுள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையகத்தில் என் காரின் ஆடியோ அமைப்பை மாற்றிக்கொண்டேன். முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர்கள், பின்கதவுகளுக்குக் கோஆக்சியல் ஸ்பீக்கர்கள், இருக்கைக்கு அடியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர், நான்கு கதவுகளுக்கும் அதிர்வை அடக்கும் டேம்ப்பிங் ஷீட், இவற்றோடு பொருத்துக்கூலியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 46,800 ரூபாய் செலுத்தியிருக்கிறேன். அந்த மாடல்களைப் பற்றித் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 1000 வாட்ஸ் என்று அச்சிட்டுவிட்டு, உண்மையில் பயன்படும் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் சக்தி) அளவைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பவர்கள் தாங்கள்தானே.

எஞ்சினை இயக்கியவுடன் ஸ்பீக்கர்களில் ஒரு மெல்லிய ஊளை தொடங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் இரைச்சல் இது என்பதும், எர்த் சரியில்லாததாலோ சிக்னல் கேபிளும் பவர் வயரும் ஒட்டிச் செல்வதாலோதான் இது பெரும்பாலும் வரும் என்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் முதல் நாளே தெரியும். தங்கள் விற்பனையகம் மட்டும், "புது ஸ்பீக்கர் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றது.

கடலூரிலுள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டி, பிரித்துப் பார்க்கச் சொன்னேன். ஆம்ப்ளிஃபையரின் எர்த் வயரை இருக்கையின் போல்ட்டில் பெயிண்டைச் சுரண்டித் தகட்டைத் தொடச் செய்யாமல் அப்படியே முறுக்கியிருக்கிறார்கள். பவர் வயரும், பாட்டின் சிக்னலைக் கொண்டுசெல்லும் ஆர்.சி.ஏ. கேபிளும் இடப்பக்க ஃபுட்போர்டுக்கு அடியில் ஒரே டேப்பில் சுற்றப்பட்டுப் பின்புறம் வரை செல்கின்றன. வயரிங்கில் கை வைக்காமல் கப்ளருக்குக் கப்ளர் (பிளக்கோடு பிளக்) பொருத்தித் தருவதாகச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் கார் கம்பெனியின் வயர்களை வெட்டி, முறுக்கி, டேப் ஒட்டியிருக்கிறார்கள். நாளை காரின் மின்சாதனங்களில் ஏதேனும் கோளாறு வந்தால் கார் நிறுவனம் வாரண்டியை மறுக்கும். அதற்குப் பொறுப்பேற்கப் போவது யார் என்று தாங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

டேம்ப்பிங் ஷீட் விஷயமோ பகிரங்க மோசடி என்றுதான் சொல்வேன். நான்கு கதவுகளுக்கும் பணம் வாங்கியிருக்க, பின்கதவுகளில் ஷீட்டே இல்லை. முன்கதவுகளில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். உட்பலகையின் கிளிப்புகளில் இரண்டு உடைந்திருப்பதால், நெல்லிக்குப்பம் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கதவு கடகடவென்று ஆடுகிறது.

நான் அதிகம் கேட்பது கர்நாடக இசைக் கச்சேரிகள். பழைய ஸ்டீரியோவில் மங்கலாகவாவது கேட்ட மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடப்பக்கத்துத் தாழ்ந்த நாதம், இந்தப் புதிய அமைப்பில் காணாமலே போய்விட்டது. வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு அடி மட்டும் தகரத்தில் தட்டியதுபோல் வருகிறது. தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் கும்கி என்ற ஒன்றே இல்லை. பேலன்ஸை முழுவதும் ஒரு பக்கம் திருப்பினால் தொப்பி திரும்பி வருகிறது, நடுவில் வைத்தால் மறைகிறது. ஒரு பக்க ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் இரு பக்கத்து தாழ்சுரங்களும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதைத் தங்கள் டெக்னீஷியன் அறியாதவரா, அறிந்தும் இரு வயர்களை மாற்றிப் போட மனமில்லாதவரா? குறையை மறைக்க ஆம்ப்ளிஃபையரில் சிக்னலைப் பெருக்கும் கெயினைக் கடைசி வரை திருகி வைத்திருக்கிறார். அதனால் ஊளைதான் இன்னும் உரத்துக் கேட்கிறது.

இதைத்தான் தங்கள் உதவி எண்ணில் பேசிய பெண் அலுவலரிடம் பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில்: "சார், வேற எந்த கஸ்டமருக்கும் இந்த கம்ப்ளெய்ன்ட் இல்ல. நீங்க ஒரு தடவை காது டாக்டரைப் பாத்துடுங்க." என் வயதில் ஒருவரிடம், அதுவும் பணம் கொடுத்துப் பொருள் வாங்கியவரிடம், ஒரு நிறுவனத்தின் ஊழியர் பேசும் பேச்சா இது? அவருடைய மேலதிகாரியைக் கேட்டபோது இணைப்பு காத்திருப்புப் பாட்டு ஒன்றுக்குப் போய் நின்று, பிறகு துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அந்த உரையாடலின் பதிவு தங்களிடம் இருக்கும்; தயவுசெய்து தாங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மீண்டும் அழைத்தபோது, புதுச்சேரி வேறு மண்டலம், கடலூர் தமிழ்நாட்டு மண்டலம், ஆகவே சென்னைக்குப் பேசுங்கள் என்றார்கள். சென்னையோ, வாங்கிய இடத்திலேயே பாருங்கள் என்றது. பணம் வாங்கும்போது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவிலுள்ள முள்ளோடை எல்லை யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் விட என் மனத்தை நோகடித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம்தான். சிறப்பு டெக்னீஷியன் வருகிறார், காலையிலேயே வண்டியைக் கொண்டு வாருங்கள் என்று விற்பனையகத்தார் முந்தைய நாள் மாலை அவர்களாகவே அழைத்துச் சொன்னார்கள். விடுமுறை நாளில் அரியாங்குப்பம் பாலத்திலிருந்து முதலியார்பேட்டை வரை வண்டிகள் எப்படி ஊர்ந்து செல்லும் என்பதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊளையைக் கேட்டுக்கொண்டே ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், பாதி ஷட்டரைத் தூக்கி எட்டிப் பார்த்த பையன், டெக்னீஷியன் காரைக்காலுக்குப் போய்விட்டார் என்றான். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போகிறவர் கடலூரைத் தாண்டித்தான் போக வேண்டும்! என் ஊர் வழியாக அவர் தெற்கே போக, நான் அவரைத் தேடி வடக்கே போயிருக்கிறேன். மதியம் வரை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, பரிசோதனைக் கட்டணமாக 500 ரூபாய் முன்பணம் கட்டினால் அடுத்த வாரம் பார்ப்பதாகச் சொன்னார்கள். அன்று பேத்தியின் பிறந்தநாள் விருந்தும் போயிற்று. பெட்ரோல், அலைச்சல், குடும்பத்தின் நிம்மதி என்று கணக்குப் போட்டால் ஆடியோவுக்குக் கொடுத்த தொகையைப் போல் பல மடங்கு எனக்கு நட்டம்.

முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்று கோபத்தில் விட்டுப்போயிற்று. பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரில், பேட்டரிக்கு அருகே ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸ் இல்லை. தகடு உரசி வயரின் உறை கிழிந்தால், நடுவில் தடுக்க எதுவும் இல்லாமல் மின்சாரம் பாய்ந்து வண்டியே தீப்பற்றும். இதையும் "செட் ஆயிடும்" என்று விட்டுவிட முடியுமா?

தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. நண்பர் ஒருவரின் காரில் இதே ஸ்பீக்கர்களை வேறொருவர் பொருத்தி, அருமையாக ஒலிப்பதைக் கேட்டுத்தான் வாங்கினேன். ஆகவே தகுதியான டெக்னீஷியனைக் கடலூருக்கே அனுப்பி, வயரிங் முழுவதையும் கட்டணமின்றிப் புதிதாகச் செய்து, ஃபியூஸ் பொருத்தி, நான்கு கதவுகளுக்கும் ஷீட் ஒட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயலாதென்றால் பொருள்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும். எதுவானாலும், காது டாக்டரிடம் போகச் சொன்ன அலுவலரின் எழுத்துப்பூர்வ மன்னிப்பு எனக்கு வந்தாக வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் வழக்குத் தொடுப்பேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், மண்டலக் கணக்கைத் தாங்கள் ஆணையத்தின் முன் சொல்லிக்கொள்ளலாம்.

ரசீதின் நகல், எர்த் இணைப்பு, டேம்ப்பிங் துண்டு ஆகியவற்றின் படங்கள், எஞ்சின் ஓடும்போது பதிவு செய்த ஊளைச் சத்தம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். வண்டியை வீட்டிலேயே வைத்திருக்கிறேன். டெக்னீஷியன் வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்