இன்னொரு டியூப் வாங்காதே

தஞ்சாவூர்

அன்புள்ள கலா,

பொங்கலுக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. திடீரென்று நேற்று ராத்திரி, உன் மகள் மதுவின் பரு முகமும் அவள் அதற்குத் தடவும் ஜெல் டியூப்புமாக ஒரு போட்டோ, அதற்குக் கீழே “இன்னொரு டியூப் வாங்கலாமாடி?” என்று ஒரு கேள்வி. போனில் சொன்னால் பாதியிலேயே “சரி சரி, கஸ்டமர் நிக்கிறாங்க” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி, மதுவிடமும் கொடு.

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கரைத் திட்டிக்கொண்டே நடக்கிறார். சின்னவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். நம் ஹாஸ்டல் வார்டன் மகளுக்குக் கல்யாணமாம், பத்திரிகை வந்ததா? நான் போகிறேன். சாம்பாரில் என்ன மிதந்தது என்று வந்து சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாங்காதே.

அந்த டியூப்பில் கிளிண்டாமைசின் 1 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? பார்மகாலஜியில் என்னைவிட நிறைய மார்க் வாங்கியவள் நீ. பேங்க் வேலை கிடைத்ததும் படித்ததையெல்லாம் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டாயா? அது அழகுக் கிரீம் இல்லை கலா, ஆன்டிபயாட்டிக். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பக்கத்துக் கடைக்காரர் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார் என்கிறாய். கொடுப்பார்கள். நான் நிற்கும் மருந்துக்கடைக் கவுன்டரிலும் இதற்காகத் தினம் சண்டைதான். “நீங்க சீட்டு கேக்குறீங்க, எதிர்க்கடையில கேக்கல” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கே போகிறார்கள்.

கல்லூரி திறந்ததிலிருந்து காலையும் மாலையும் அது ஒன்றைத்தான் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். முதலில் நன்றாக அடங்கியது, அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பருவுக்குக் கிருமி மட்டுமா காரணம்? எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது, தோல் துவாரத்தின் வாய் அடைத்துக்கொள்கிறது, உள்ளே தேங்கிய எண்ணெயில் அந்தக் கிருமி பெருகுகிறது, அப்புறம்தான் சிவந்து வீங்குகிறது. அந்தக் கிருமியைத்தான் நாம் புரோபியோனிபாக்டீரியம் என்று நெட்டுருப் போட்டோமே, அதற்கு 2016-இல் கியூட்டிபாக்டீரியம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். உன் ஞாபகத்துக்காகச் சொல்கிறேன், வைவா ஒன்றும் வைக்கவில்லை. கிளிண்டாமைசின் அந்தக் கிருமி புரதம் செய்வதைத் தடுக்கிறது, வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கிறது. அடைப்பு மட்டும் அடைப்பாகவே இருக்கும்.

அதற்குள் கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும். ஒரே மருந்தை அடித்து அடித்து, நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி அடங்காமல் போன கதையை உன் அப்பாவைக் கேட்டால் சொல்வார், அதேதான் இது. கிளிண்டாமைசினை மதிக்காத கிருமி பல சமயம் எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையும் மதிப்பதில்லை. முகத்தில் இருப்பது பருக்கிருமி மட்டுமும் இல்லை. தோலில் சும்மா குடியிருக்கும் மற்றதுகளும் கூடவே பாடம் படித்துக்கொள்ளும். நாளைக்கு அவளுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ ஒரு கட்டி வந்து மருந்து தேவைப்படும்போது இது வந்து நிற்கும்.

அதனால்தான் தோல் டாக்டர்கள் இதைத் தனியாகக் கொடுப்பதில்லை, பென்சாயில் பெராக்சைடு சேர்த்துத்தான் எழுதுவார்கள். அது ஆக்சிஜனை வெளிவிட்டுக் கிருமியைக் கொல்கிறது. அதற்கு எதிர்ப்புச் சக்தி எதுவும் கிருமிக்கு வருவதில்லை, ஆன்டிபயாட்டிக்குக்கும் அது காவல். அடைப்பை எடுக்க ராத்திரிக்கு அடாபலீன் மாதிரி ஒன்று சேரும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டையும் வைத்தே ஓட்டச் சொல்வார்கள். மது செய்திருப்பது நேர் தலைகீழ்: தொடர வேண்டியது எதுவும் இல்லை, நிறுத்த வேண்டியது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வெறும் கிளிண்டாமைசின்தான் என்றால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, அப்படியே நிறுத்திவிடலாம். ஆனால் உன் போட்டோவில் டியூப்பின் முன்பக்கம்தான் தெரிகிறது. பின்பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பு. கிளிண்டாமைசினோடு நிகோடினமைடு என்ற வைட்டமின் இருந்தால் பயமில்லை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகளில் ஒன்று அவள் முகத்தில் தடவும் எந்தக் கிரீமிலாவது கண்ணில் பட்டால் உடனே கூப்பிடு. வேலை நேரமானாலும் பரவாயில்லை.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், போன வாரம் கடைக்கு ஒரு பையன் வந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான். கடைசிச் சொட்டு வரைக்கும் சுருட்டிப் பிதுக்கிய ஒரு டியூப்பை நீட்டி “இதே வேணும்க்கா” என்றான். ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் ஒன்றாகக் கலந்த கிரீம். சலூனில் யாரோ சொன்னார்களாம், பருவும் போகும், நிறமும் வரும் என்று. கிட்டே வரச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கன்னமும் சிவந்து, தோல் மெலிந்து, மெல்லிய ரத்த நாளங்கள் வெளியே தெரிகின்றன. கன்னத்து மேட்டில் புதிதாகப் பூனைமுடி. வெயிலில் நின்றால் எரிகிறதாம். “விட்டா பொங்கிடுதுக்கா, போட்டாத்தான் அடங்குது” என்கிறான். அந்த வலையே அதுதானே! 2018-இல் இந்த ஸ்டீராய்டு களிம்புகளில் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தது, அலமாரியை விட்டு இறங்கவில்லை. நான் டியூப்பைத் தரவில்லை. மெடிக்கல் காலேஜ் ஸ்கின் ஓ.பி.க்குப் போகச் சொல்லி, கிரீமின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். போனானோ, எதிர்க்கடைக்கே போனானோ.

சரி, டாக்டரைப் பார்த்து அவர் மறுபடி இந்த ஜெல்லையே எழுதினாலும், போடும் விதம் என்று ஒன்று இருக்கிறது. நீ அனுப்பிய வீடியோவில் மது நகக்கண்ணால் எடுத்துப் பருவின் தலையில் மட்டும் பொட்டு வைக்கிறாள். அப்படி இல்லை. மிதமான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, நன்றாகக் காய்ந்ததும் பட்டாணி அளவு ஜெல் எடுத்துப் பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். நாளைக்கு வரப்போகும் பரு இன்றைக்குத் தோலுக்குள்தான் இருக்கிறது. கண்ணோரம், உதட்டு மூலை, மூக்கு மடிப்பு, வெட்டுக்காயம், இவற்றில் படக் கூடாது. கெட்டியாக அப்பினால் சீக்கிரம் போகாது, தோல்தான் உரியும். கொஞ்சம் வறட்சியும் உரிதலும் வரும், அதற்குத் துவாரத்தை அடைக்காத மாய்ஸ்சரைசர் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். கன்னம் முழுக்கச் சிவந்து வீங்கினாலோ முகம் தடித்தாலோ நிறுத்திவிட வேண்டும். பலன் தெரிய ஆறேழு வாரம் ஆகும். மூன்றாம் நாளே கண்ணாடியைப் பார்த்து அழ வேண்டாம் என்று சொல்.

வயிற்றைப் பற்றியும் கேட்க வேண்டும். தோலில் போடுவதில் கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகிறது, ஆனாலும் அபூர்வமாகக் குடலைப் பாதிக்கும். பேதி நிற்காமல் போனாலோ ரத்தம் கலந்து போனாலோ ஜெல்லை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு. பேதியை நிறுத்தும் மாத்திரையை நீயாகக் கொடுத்துவிடாதே. முன்னே எப்போதாவது அவளுக்குக் குடல் அழற்சி என்று சொல்லியிருந்தால், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. டியூப்பைத் தம்பியோடு பங்கு போடுவதும் வேண்டாம். அடாபலீன் எழுதிக் கொடுத்தால் அதை உன் நாத்தனார் மகளிடம் நீட்டிவிடாதே, அவள் மாசமாக இருக்கிறாள் அல்லவா?

டாக்டரிடம் நீ மறக்காமல் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. அவளுக்கு மாதாமாதம் சரியாக வருகிறதா, தாடையில் முடி வளர்கிறதா என்று கேள். அப்படி ஏதாவது இருந்தால் பருவின் வேர் வேறு இடத்தில், ஹார்மோனில் இருக்கலாம். அப்புறம் அந்த நெற்றி. போட்டோவில் எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக இருக்கிறது. அரிக்கிறதா? அரித்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாகவும் இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாட்டிக் போட்டால் இன்னும் கூடும். போட்டோவை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன், அவர் பார்த்துச் சொல்லட்டும். ஆறிப்போன பருவின் கறுப்புத் தழும்புக்கும் சேர்த்து இந்த ஜெல்லைப் போடுகிறாளாம். அதற்கு இது ஒன்றுமே செய்யாது. கிள்ளாமல் இருந்து, வெயிலுக்கு சன்ஸ்கிரீன் போட்டால் மாதக்கணக்கில் மங்கும். பள்ளம் விழுவதுதான் மங்காது. தாடைப் பக்கம் ஒரு பள்ளம் தெரிகிற மாதிரி இருக்கிறது, அதனால் தள்ளிப் போடாதே.

உன் மெசேஜில் என்னை உறுத்தியது டியூப் இல்லை, கடைசி வரி. கிளாஸ் போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே. “வயசுக்கு வர்றது, தானா போயிடும்” என்று அவளிடம் சொல்லாதே கலா. எண்ணெய்ப் பலகாரம் தின்றதால்தான் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஆரம்பிக்காதே. ஹாஸ்டலில் நீ முகமெல்லாம் டூத்பேஸ்டைத் தடவிக்கொண்டு, கரன்ட் போன ராத்திரியில் மெஸ்ஸுக்கு வந்து, சமையல்கார அம்மா அலறினாரே. நாமெல்லாம் சிரித்தோம், நீ சிரிக்கவில்லை. அப்புறம் எவ்வளவு நாள் தாவணித் தலைப்பைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாய் என்று எனக்குத் தெரியும். அதை மதுவிடம் சொல். டூத்பேஸ்ட் கதையையும் சேர்த்துச் சொல், இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

இந்த வாரமே டாக்டரிடம் போ. சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, எதை எப்போது போடுவது என்று மதுவுக்கு நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ராஜி

பி.கு.: பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுத்துவிடும். அது வந்ததும் அவளுக்கு வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் போட்டுவிடு. அதைத் தடவிய முகத்தோடு உன் மாம்பழக் கலர் பட்டில் மட்டும் சாய விடாதே. வார்டன் வீட்டுக் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும்.