ஐந்து வாட் போதும் கண்ணு

அன்புள்ள கண்ணு,

உன் கிதாருக்கு வாங்க நினைக்கிற மூன்று ஆம்ப்ளிபயர் படங்களும் வந்தன. முன்பக்கத்தை ஒரு தடவைதான் பார்த்தேன். பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இ.எல்.84 என்ற எழுத்தைக் கண்டதும் கோபியில் நம் மைக் செட் கடை அலமாரிதான் ஞாபகம் வந்தது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட அதே கண்ணாடிக்குழாய் வால்வு, அட்டைப்பெட்டியோடு வரிசையாக இருக்கும். சின்னப் பிள்ளையில் நீ அந்தப் பெட்டிகளை அடுக்கித்தான் வீடு கட்டுவாய்.

எதை வாங்கட்டும் அப்பா என்று கேட்டிருக்கிறாய். ஸ்பீக்கரைத் தள்ளுகிற அவுட்புட் வால்வு ஒரே ஒன்று, நாலைந்து வாட், உன் மூன்று மாடியும் ஒரு கையில் தூக்கி ஏற முடிகிற எடை. இதுதான் நான் சொல்வது.

நீ அனுப்பியதில் ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் நல்ல சாமான், அதில் சந்தேகமில்லை. 15 வாட், இரண்டு இ.எல்.84, பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர். ஆனால் 14 கிலோ. வாராவாரம் சிநேகிதி வீட்டுக்கு ரயிலில் போய் வாசிக்கிறவள் நீ. ஒரு மாதம் தூக்குவாய், அப்புறம் அது வீட்டு மூலையில் நிற்கும். சத்தத்துக்காகப் பெரியதை எடுக்கிறாய் என்றால் ஒரு கணக்குச் சொல்கிறேன். 5 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் வித்தியாசம் ஐந்து டெசிபல்கூட முழுசாக இல்லை. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும்.

அடுத்தது ஆரஞ்ச் மைக்ரோ டெரர். அது ஒரு கிலோகூட இல்லை, 20 வாட் வேறு. பார்த்ததும் ஆசை வரும். அதில் வால்வு ஒன்றே ஒன்றுதான், அதுவும் முன்கட்டத்தில். ஸ்பீக்கரைத் தள்ளுகிற வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. ஸ்பீக்கர் பெட்டியும் தனியாக வாங்க வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ தேடுகிற அந்தக் குரல் அவுட்புட் வால்வும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் திணறும்போதுதான் வரும். அதனால் எந்தக் கடையில் யார் வால்வு ஆம்ப்ளி என்று சொன்னாலும், கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேள்.

ஒற்றை வால்வு என்று ஏன் பிடிவாதமாகச் சொல்கிறேன் தெரியுமா? இரண்டு வால்வு எதிரும் புதிருமாக வேலை செய்யும்போது ஸ்வரத்தோடு கூடவே பிறக்கிற மேல் ஒலிகளில் இரட்டைப்படை ஹார்மோனிக் எல்லாம் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொண்டு போய்விடும். ஒற்றை வால்வில் அவை தங்கும். அதில் முதலாவது, நீ மீட்டும் ஸ்வரத்துக்கு மேல் ஸ்தாயி. நீ ஒரு ஸட்ஜம் வாசித்தால் மேல் ஸட்ஜமும் மெல்லக் கூடவே நிற்கும். வால்யூமைத் திருகத் திருக அது தடிக்கும். விரலை அழுத்தினால் கரகரக்கும், மெதுவாகத் தொட்டால் தெளிந்துவிடும். கிதாரில் இருக்கிற வால்யூம் குமிழே போதும்.

நீ அனுப்பியதில் வாக்ஸ் ஏசி4 இந்த வகைதான், ஒரே ஒரு இ.எல்.84. என் மனசு ஃபெண்டர் சேம்ப் பக்கமும் சாய்கிறது. 1950களின் கடைசியில் வந்த அந்தச் சர்க்யூட்டைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். மூன்றே வால்வு: முன்கட்டத்துக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரைத் தள்ள ஒரு 6வி6, கரண்டை நேராக்க ஒரு 5ஒய்3. அப்புறம் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், ஒரே ஒரு குமிழ். அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. இரண்டையும் கடையில் உன் கிதாரைச் செருகி வாசித்துப் பார். வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்து வாசி, கூச்சப்படாதே.

ஒன்று மட்டும் யோசி. 5 வாட் சின்னது என்றாலும் முழுசாகத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பெரும்பாலும் ராத்திரி வாசிப்பதுதான் என்றால் 1 வாட்டில் பார். மார்ஷல் டிஎஸ்எல்1 என்று ஒன்று இருக்கிறது, அதை 0.1 வாட்டுக்கும் இறக்கலாம்.

பேட்டரியில் ஓடுமா என்று கேட்டிருந்தாய். ஓட்டுவது கஷ்டம். இ.எல்.84 ஒன்றும் 12ஏஎக்ஸ்7 ஒன்றும் சூடேறவே ஆறேழு வாட் வேண்டும். பாட்டாக வெளியே வருவதைவிட அது அதிகம். உன் ஊர் சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் அந்தக் காலத்து புளூஸ்காரர்கள் பக்கத்து வீடுகளிலிருந்து ஒயர் இழுத்துத்தான் தெருவில் வாசித்தார்களாம். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாரியம்மன் பண்டிகைக்கு நான் இழுக்காத ஒயரா!

இப்போது சொல்லப்போவதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். ஸ்பீக்கர் ஒயர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளியை ஒருபோதும் வாசிக்காதே. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பண்டிகை ராத்திரி, பாதையில் போன மாட்டு வண்டி ஸ்பீக்கர் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. சத்தம் நின்றதும் எனக்குப் புரியவில்லை. மைக் கோளாறு என்று நினைத்து வால்யூமை ஏற்றினேன். முதலில் பெட்டிக்குள்ளிருந்து பாட்டு லேசாக, எறும்பு பாடுகிற மாதிரி கேட்டது. அது டிரான்ஸ்பார்மர் தகடு அதிர்கிற சத்தம். அடுத்து டிக்கென்று ஒரு பொறி. அப்புறம் வார்னிஷ் கருகுகிற வாசனை. அந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. லோடு இல்லாமல் ஓடியதில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. புதிதாகச் சுற்ற இரண்டு மாதச் சம்பளம் போனது.

பழையது வாங்கினால் மூன்று முள் பிளக் இருக்கிறதா என்று முதலில் பார். இரண்டு முள் என்றால் அதை மாற்றிக்கொடுக்கும் வரை கிதாரைச் செருகாதே. சூடானபின் வால்வைப் பென்சிலால் லேசாகத் தட்டு. ஸ்பீக்கரில் மணி அடித்தால் அந்த வால்வு தேறாது. ஒன்றும் வாசிக்காதபோது ஹம் என்கிற கரண்ட் இரைச்சல் பெரிதாகக் கேட்டால் கன்டன்சர் காய்ந்திருக்கும். பின்பக்கத்தை நீயே திறக்காதே கண்ணு. பிளக்கைப் பிடுங்கியபிறகும் உள்ளே முந்நூறு வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் நீ அனுப்பிய பதிவை ஹெட்போனில் கேட்டேன். உன் வாசிப்புக்குப் பின்னால் உன் சிநேகிதியின் ஆம்ப்ளி ஹம் கேட்டது. நம் ஊர் ஹம் இல்லை அது. இங்கே கரண்ட் 50 சைக்கிள், அங்கே 60. நம் ஊர் ஹம்மை ஸட்ஜமாக வைத்தால் உங்கள் ஊர் ஹம் சரியாகச் சாதாரண காந்தாரத்தில் நிற்கும். இரண்டு தடவை கேட்டேன். இன்னொன்று, ஊருக்கு வரும்போது நீ வாங்குகிற ஆம்ப்ளியைக் கொண்டுவந்து நேராக நம் 230 வோல்ட்டில் செருகிவிடாதே. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் நான் தயாராக வைத்திருக்கிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். பணம் வேண்டுமென்றால் கேள்.

வாங்கியதும் முதல் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. வால்வு எரிகிற வெளிச்சம் படத்தில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா